செக்கர் வைத்த காவல்

எங்கள் கட்டடத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் கிடையாது. தபால்காரருக்குக்கூட ‘மூன்றாம் மாடி செக்கர்’ என்றால்தான் புரியும். பேருந்துக் கழகத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வைக் கழகம் கொடுத்தது, அவர் வாங்கிக்கொள்ளவில்லை. லிஃப்டில் யாராவது புது முகம் ஏறினால், “எந்த வீட்டுக்கு?” என்று கேட்டு, பதில் வரும்வரை கதவை மூடவிடமாட்டார்.

வேலையில் இருந்தபோது பாதி வழியில் சட்டென்று பேருந்தில் ஏறுவாராம். முன்வாசலில் அவர் ஏறினால் பின்வாசலில் ஒருவன் இறங்கப் பார்ப்பான். அவனுக்காகக் கீழே ஓர் ஆளை நிறுத்தி வைத்திருப்பார். டிக்கெட் எடுக்காதவன் முகம் தனக்குத் தெரியும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் பெருமை. சிலர் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள், சிலர் தூங்குவதுபோல் நடிப்பார்கள், சிலர் தேவைக்கு மேல் மரியாதை காட்டுவார்கள். “மூஞ்சியே சொல்லிடும்” என்பார். இந்த ஆராய்ச்சியை அவர் எங்களுக்குச் சொல்லாத நாள் குறைவு.

அவர் மனைவிக்கும் அவருக்கும் பழக்கம் ஆனதே அப்படித்தான். அந்தம்மா ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவர். வேலை முடிந்து பேருந்தில் தூங்கிக்கொண்டு போனவரைச் செக்கர் தோளைத் தட்டி எழுப்பி, நடிப்புப் போதும், டிக்கெட் எங்கே என்று கேட்டிருக்கிறார். டிக்கெட் அந்தம்மாவின் உள்ளங்கையில் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து அவர் சட்டைப்பையில் செருகிவிட்டு அந்தம்மா மறுபடி தூங்கிவிட்டாராம். செக்கர் மறுநாளும் அதே பேருந்தில் ஏறினார், அதற்கு மறுநாளும். கல்யாணம் ஆனது. ஆனால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வித்தை முதல் தடவையே தவறிப்போனதை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தம்மாவை நாங்கள் சிஸ்டர் என்போம்.

எங்கள் கட்டடம் வயதானவர்களின் கட்டடம். பிள்ளைகள் வேலை கிடைத்த இடங்களுக்குப் போய்விட்டார்கள். போகும்போது குற்ற உணர்ச்சிக்கு ஏற்ற விலையில் ஆளுக்கொரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க அவர்களுக்கு நேரமில்லை. வாரம் ஒருமுறை வீடியோவில் வந்து, “அம்மா, எதையும் தொடாதீங்க” என்று சொல்வதே அவர்களுடைய பயிற்சி வகுப்பு. எதையும் தொடாமல் போனை எப்படிப் பயன்படுத்துவது என்று எந்தத் தாயும் திருப்பிக் கேட்டதில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் செக்கர் ஏறினார், அதே முன்வாசல் வழியாக. நாலாவது மாடியில் ஒரு கிழவருக்குப் பரிசு விழுந்திருப்பதாகப் போன் வந்து, அவர் பாதி ஏமாந்து, பாதியில் பேட்டரி தீர்ந்து தப்பித்தார். அந்தச் சேதி பரவியதும் செக்கர் குடியிருப்போர் சங்கத்தில் பேசி, கீழ்த்தளப் பொது அறையில் வாராவாரம் இணைய மோசடி எச்சரிக்கைக் கூட்டம் நடத்த ஆரம்பித்தார். நல்ல காரியம்தான். மறுப்பதற்கில்லை. அந்த அறையில் முதல் முறையாக எல்லா நாற்காலிகளும் நிரம்பின.

கூட்டத்தில் அவர் சொன்ன விதிகளும் சரியானவைதான். ரகசிய எண்ணைச் சொல்லாதே. அவசரப்படுத்துபவனை நம்பாதே. பணம் கேட்டால் அவன் திருடன். இத்தோடு நிறுத்தியிருந்தால் அவருக்குச் சிலையே வைத்திருக்கலாம். ஆனால் அவருக்கு விதிகள் சப்பென்று இருந்தன. ஏமாந்தவர்களின் கதைகள்தான் பிடித்தன. செய்தித்தாளில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து நடித்துக் காட்டுவார். “சுங்கத்துல பார்சல் மாட்டிக்கிச்சாம். இந்தம்மா பணத்தை அள்ளிக் கொடுத்துச்சாம். பார்சல் யாரு அனுப்பினான்னு யோசிக்க மூளை வேணும்ல? அதைத்தான் முதல்லயே பார்சல் கட்டி அனுப்பிட்டாங்களே” என்பார். அறையே சிரிக்கும். வயதானவர்களுக்குத் தங்களைவிட முட்டாள் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்று கேட்பதில் ஒரு சுகம் இருந்தது. மூட்டுவலித் தைலத்தைவிட நன்றாக வேலை செய்தது.

வீட்டிலும் இதே சட்டம்தான். சிஸ்டருக்கு நல்ல போன் வாங்கித் தரவில்லை. உனக்கு எதற்கு, ஒரே நாளில் ஏமாந்துவிடுவாய் என்று சொல்லிவிட்டார். அந்தம்மா பொத்தான் வைத்த பழைய போனையே வைத்துக்கொண்டிருந்தார். அவசரப் பிரிவையே தன் கையில் வைத்திருந்த பெண்ணுக்கு ஒரு போனை வைத்துக்கொள்ளத் தெரியாது என்பது அவருடைய தீர்ப்பு. சிஸ்டர் இதற்காகச் சண்டை போடவில்லை. சண்டை போட்டு வாங்கும் அளவுக்கு அந்தப் போனில் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

கூட்டம் போதாதென்று செக்கர் தினமும் காலையில் வாட்ஸப்பில் ஓர் எச்சரிக்கை அனுப்புவார். அதில் பாதி உண்மை, பாதி அவருக்கு யாரோ அனுப்பியது. ஒவ்வொன்றின் அடியிலும் தொப்பி வைத்த தன் படம், முன்னாள் பதவி, அதன் கீழே தொலைபேசி எண், ‘சந்தேகமா? உடனே என்னை அழையுங்கள்.’ எங்கள் குழுவிலிருந்து அது மகள்களின் குழுவுக்கும், அங்கிருந்து சம்பந்திகளின் குழுவுக்கும், அங்கிருந்து ஊர் உலகத்துக்கும் போயிற்று. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தவளையாக இருந்தால்கூடச் சத்தம் குளத்தோடு போயிருக்கும்.

ஒரு நாள் முற்பகல் அழைப்பு வந்தது. சந்தேகம் கேட்க அல்ல, பாராட்ட.

ஆண் குரல். பதமான, நிதானமான குரல். முதியோர் இணையக் காவல் மன்றம் என்ற அமைப்பிலிருந்து பேசுவதாகச் சொன்னது. ஐயாவின் எச்சரிக்கைச் செய்திகளைத் தாங்கள் தொடர்ந்து படித்து வருவதாகவும், இப்படிப்பட்ட அனுபவசாலிகள் ஓய்வு என்ற பெயரில் வீணாகப் போவது சமூகத்துக்கு இழப்பு என்றும் சொன்னது. பிற்பாடு போலீஸில் வாக்குமூலம் கொடுத்தபோது, அந்தக் குரல் எதைக் கேட்டது என்பதைவிட எதையெல்லாம் புகழ்ந்தது என்பதைத்தான் செக்கர் அதிகம் சொன்னார். கூட்டத்தில் அவர் நடித்துக்காட்டிய கதைகளைக்கூட யாரிடமோ விசாரித்து வைத்திருந்தான் அந்த ஆள்.

செக்கர் சும்மா விடவில்லை. சோதித்தார். கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். கட்டணமே இல்லை என்றது குரல். என் வங்கி விவரம் வேண்டுமா என்று கேட்டார். தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள் என்று குரல் கொஞ்சம் கண்டிப்போடு சொன்னது. அவ்வளவுதான், பரிசோதகர் பரிசோதனையை முடித்துக்கொண்டார். பணம் கேட்டால் திருடன் என்பது அவருடைய விதி. கேட்காதவன் எப்படித் திருடனாவான்?

அவரை ‘வட்டாரப் பாதுகாப்புத் தூதர்’ ஆக்கினார்கள். அடையாள அட்டை படமாக வந்தது. அதைக் கடையில் அச்செடுத்து, லேமினேட் செய்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு மாவு வாங்கக்கூடப் போனார். சங்கச் செயலாளர் பொது அறையில் பூங்கொத்துக் கொடுத்தார். முன்னுரை, பாராட்டுரை, நன்றியுரை எல்லாம் நடந்தன. தூதர் என்றால் சம்பளம் உண்டா என்று பல் டாக்டர் மட்டும் கேட்டார். முதல் மாடியில் தனியாக இருப்பவர், மனைவி இறந்துபோனவர், யாரிடமும் அதிகம் பேசாதவர். சேவைக்குச் சம்பளம் கேட்பவன் சேவகன் இல்லை என்று செக்கர் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு வேலை வந்தது. மன்றம் ஒரு செயலி செய்திருக்கிறதாம், பெயர் ‘காவல்’. வயதானவர்களின் போனுக்குள் அது உட்கார்ந்துகொண்டு திருடர்களை வாசலிலேயே தடுத்துவிடுமாம். கடைகளில் கிடைக்காது, தூதர்கள் மூலம் மட்டும்தான். செக்கர் வீடு வீடாக ஏறி இறங்கினார். எத்தனையோ வருஷம் ஓடும் பேருந்தில் ஏறி இறங்கிய கால்கள், படிக்கட்டு ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொருவர் போனையும் வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அவரே செயலியை இறக்கி வைத்தார்.

போன்கள் சும்மா இருக்கவில்லை. இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது என்றன. உங்கள் தகவலுக்கு ஆபத்து என்றன. உண்மையாகவே அனுமதிக்கிறீர்களா என்று மறுபடி மறுபடி கேட்டன. ஊரிலேயே எச்சரிக்கை செய்யும் உரிமை தனக்குத்தான் என்று நினைத்த மனிதர், ஒரு கருவி எச்சரிப்பதைப் பொறுத்துக்கொள்வாரா? அனுமதி, அனுமதி என்று அமுக்கிக்கொண்டே போனார்.

பல் டாக்டர் இங்கேயும் ஒரு கேள்வி கேட்டார். காவல் காப்பதற்கு என் குறுஞ்செய்திகளை எதற்காகப் படிக்க வேண்டும் என்று. வாசல் காவலாளி கண்ணை மூடிக்கொண்டா காவல் இருப்பான் என்று செக்கர் திருப்பிக் கேட்டார். படித்த மனிதருக்கு அந்தப் பதில் நியாயமாகப் பட்டது. இரண்டாம் மாடித் தையல் டீச்சர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். செக்கர் கையை நீட்டியதும் போனைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சிஸ்டரின் போனில் மட்டும் காவல் போட முடியவில்லை. அந்தப் போனுக்கு அதற்கு வேண்டிய அறிவு இல்லை.

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் செக்கர் பழக்கடையில் ஆரஞ்சு வாங்கிவிட்டுப் போனை நீட்டினார். பணம் போகவில்லை. போதிய இருப்பு இல்லை என்று காட்டியது. கடைக்காரரிடம் உன் இயந்திரம் மோசடி என்று சண்டை பிடித்தார். கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினார். இப்படிப்பட்ட கடைகள்மேல் புகார் எழுத வேண்டியிருக்கும் என்றார். கடைக்காரர் பழங்களைத் திரும்ப எடுத்து அடுக்கிவிட்டு, “பேங்க்ல போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க சார். பழம் எங்கயும் ஓடாது” என்றார்.

வங்கியில் கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். சேமிப்பு முழுக்க அன்று விடிவதற்குள் பல கணக்குகளுக்குப் பிரிந்து போயிருந்தது. சமீபத்தில் புதிதாக ஏதாவது செயலி போட்டீர்களா என்று கேட்டாள். போட்டிருந்தால் முதலில் போனை அணைக்க வேண்டும், வேறு போனிலிருந்து வங்கியின் அவசர எண்ணுக்கும் போலீஸின் இணையக் குற்ற எண்ணுக்கும் பேச வேண்டும், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்றாள். இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். செயலியா, அப்படி ஒன்றும் இல்லையே என்றார் செக்கர். கழுத்து அட்டை சட்டைக்குள் போயிருந்தது.

வெளியே வந்து, அணைக்கச் சொன்ன அதே போனிலிருந்து மன்றத்தை அழைத்தார். குரல் எடுத்தது. அதிசயம்தான், எடுத்தது. துளியும் பதறவில்லை. ஐயா, இது ஒரு ரகசியச் சோதனை ஓட்டம், உங்கள் பணம் பத்திரமான கணக்கில் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடும், இதற்கிடையில் யாரிடமாவது சொன்னால் உண்மையான திருடர்கள் உஷாராகிவிடுவார்கள் என்றது. இந்தக் கதையை வேறு யாராவது சொல்லியிருந்தால் செக்கர் அதை வைத்தே ஒரு கூட்டம் முழுக்கச் சிரிக்க வைத்திருப்பார். அன்று வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சாயங்காலத்துக்காகக் காத்திருந்தார்.

சிஸ்டர் சாப்பாடு வைத்தார். தட்டு அப்படியே இருந்தது. என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். அவசரப் பிரிவுக்கு வருகிற ஆண்களில் பாதிப் பேர் மார்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பது அவர் தொழில். விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பழக்கடை, வங்கி, குரல்.

“பேங்க்ல என்ன செய்யச் சொன்னாங்க?”

செக்கர் சொன்னார். போனை அணைக்க வேண்டும், இந்த எண்களில் பேச வேண்டும், நிமிஷமும் வீணாகக் கூடாது.

“எப்போ சொன்னாங்க?”

செக்கர் எண்கள் எழுதிய சீட்டை மேஜைமேல் வைத்தார். சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம் என்றார். ஒருவேளை பணம் வந்துவிட்டால், ஊரைக் கூட்டியது வீண் அவமானமாகிவிடுமே என்றார்.

“எத்தனை பேர் போன்ல அதைப் போட்டீங்க?”

“அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தா இதுக்குள்ள சத்தம் கேட்டிருக்கும்.”

“உங்களுக்கு ஆச்சே, சத்தம் கேட்டுதா?” என்றார் சிஸ்டர். “புண்ணை மூடிக் கட்டிட்டு வர்றவங்கள நிறையப் பாத்திருக்கேங்க. கட்டின துணி அவ்வளவு சுத்தமா இருக்கும். உள்ளதான் புழு நெளியும்.”

செக்கர் ஒரு சமாதானம் பேசினார். நீ போய்ச் சொல், என் பெயர் வேண்டாம், ஏதோ வைரஸ் பரவுகிறது, எல்லாரும் போனை அணைத்து வையுங்கள் என்று மட்டும் சொல் என்றார்.

“உங்க பேச்சைக் கேட்டுத்தான் தொறந்தாங்க. நீங்க சொன்னாத்தான் மூடுவாங்க. நான் சொன்னா, சிஸ்டர் நல்லவங்க, செக்கர் சாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு உங்களுக்குப் போன் பண்ணுவாங்க. நீங்க சாயங்காலம் வரைக்கும் பொறுங்கம்பீங்க.”

அந்தம்மா எழுந்தார். கணவரின் போனை எடுத்து, பக்கவாட்டுப் பொத்தானை அது செத்துப்போகும்வரை அழுத்தினார். தன் பொத்தான் போனில் வங்கிக்கும் போலீஸுக்கும் பேசினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனார். செக்கர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கீழே யாருடைய வீட்டு அழைப்பு மணியோ அடிப்பது கேட்டது. வாழ்க்கையில் எத்தனையோ பேரை நடுவழியில் இறக்கிவிட்டவர்தான், ஆனால் தானாக இறங்கிப் பழக்கமில்லை. மணி இரண்டாவது முறை அடித்தபோது எழுந்து மனைவியின் பின்னால் போனார்.

பல் டாக்டர் கதவைத் திறந்தபோது அவர் போன் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. திரை கறுப்பு. ‘காவல் புதுப்பிக்கப்படுகிறது, தொடாதீர்கள்’ என்று ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. டாக்டர் நல்ல பிள்ளையாகத் தொடாமல் இருந்தார். செக்கர் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்து, இந்தச் செயலி சம்பந்தமாக ஒரு சிறு விளக்கம் என்று ஆரம்பித்தார். சிஸ்டர் அவரைத் தாண்டி உள்ளே போய்ப் போனை அணைத்து, சுவரில் இருந்த இணையப் பெட்டியின் வயரையும் பிடுங்கி எறிந்தார். விளக்கம் அதற்கப்புறம் கொடுக்கப்பட்டது. அந்த வட்டம் இன்னும் கொஞ்ச நேரம் சுழன்றிருந்தால் டாக்டர் ஊரில் உள்ளவர்களின் பற்களையெல்லாம் பிடுங்கிச் சேர்த்தது போயிருக்கும் என்று பிறகு வங்கியில் சொன்னார்கள். விளக்கத்தைக் கேட்டு டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு கோபம் வந்தது. கதவைச் சாத்தும் முன், “நான் கேட்டேனே” என்று மட்டும் சொன்னார்.

ஒவ்வொரு வாசலிலும் செக்கரே சொன்னார். முதல் வாசல்களில் அது ‘தொழில்நுட்பக் கோளாறு’ ஆக இருந்தது. சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததால் ‘தவறு’ ஆயிற்று. செயலாளர் வீட்டுக்கு வந்தபோது, “என்னை ஏமாத்திட்டாங்க, என் மூலமா உங்களையும்” என்ற அளவுக்கு இறங்கியிருந்தார். செயலாளர் கணக்கும் துடைக்கப்பட்டிருந்தது, அவருக்கு அதுவரை தெரியாது. பூங்கொத்துக் கொடுத்த அதே கையால் செக்கரின் சட்டையைப் பிடித்தார்.

தையல் டீச்சர் வாசலில்தான் வேறு மாதிரி ஆனது. அவர் எல்லாவற்றையும் கேட்டார். போனை அணைத்துச் சிஸ்டர் கையில் கொடுத்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்.

“எனக்கு இது ரெண்டாவது தடவை, சார்.”

முதல் தடவை போன வருஷம். சுங்கத்தில் பார்சல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று போன் வந்தது. கைது செய்வோம் என்று நாள் முழுக்க மிரட்டினார்கள். ஓய்வுப் பணத்தை அப்படியே அனுப்பிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. தங்கையிடம்கூட.

சிஸ்டர், ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார். டீச்சர் செக்கரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“சொல்லலாம்னுதான் மறுநாள் கூட்டத்துக்கு வந்தேன். அன்னிக்கு நீங்க பார்சல் கதையை நடிச்சுக் காட்டினீங்க. மூளையைப் பார்சல் கட்டி அனுப்பிட்டாங்கன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா கண்டுபிடிச்சிருவீங்களோன்னு பயம்.”

இன்னொன்றும் சொன்னார். “இந்தக் காவலையும் வேணாம்னு சொல்லத்தான் நினைச்சேன். ஏன் வேணாம்னு கேப்பீங்களே.”

செக்கருக்கு அன்று பணம் போனது தெரிந்த இடம் வங்கி. ஆனால் அவர் உட்கார்ந்த இடம் டீச்சர் வீட்டுப் படிக்கட்டு. அடுத்த வீடுகளுக்குச் சிஸ்டர் தனியாகத்தான் போக வேண்டியிருந்தது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்றவர் முன்னால், ஒரு பெண் வருஷம் முழுக்க வாராவாரம் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

போலீஸ் நிலையத்தில் இணையக் குற்றப் பிரிவில் இருந்த அதிகாரி அவர் மகள் வயதுப் பெண். வாக்குமூலம் எழுதும்போது ‘டிக்கெட் பரிசோதகர்’ என்று எழுதினாள். ‘முதுநிலைப் பரிசோதகர்’ என்று செக்கர் திருத்தினார். அந்த நிலையிலும் திருத்தினார். அவள் முகம் மாறாமல் திருத்திக்கொண்டாள். இந்த மாதத்திலேயே நீங்கள் முதல் தூதர் இல்லை, ஒரு தலைமை ஆசிரியர், ஒரு தணிக்கை அதிகாரி, வரி அலுவலகத்தில் இருந்த ஒருவர் எல்லாரும் இதே அட்டையோடு வந்தார்கள் என்று சொன்னாள்.

“எல்லாருமே வாழ்க்கை முழுக்க மத்தவங்கள சோதிச்சவங்க, சார். சந்தேகமே படாத ஒருத்தரைப் பிடிச்சா ஒரு கணக்குத்தான் கிடைக்கும். ஊரையே சந்தேகப்படுறவரைப் பிடிச்சா, அவர் பேச்சை நம்புற ஊரே கிடைக்கும்.”

சிஸ்டர் உடனே பேசியதால் செக்கரின் பணத்தில் ஒரு பகுதியை வழியிலேயே நிறுத்திவைக்க முடிந்தது. பெரும்பகுதி போனது போனதுதான். செயலாளருக்கும் அப்படியே. இன்னும் சிலருக்கு இழப்பு, பலர் தப்பித்தார்கள். டீச்சர் கணக்கில் இந்தத் தடவை எடுக்க ஒன்றும் இருக்கவில்லை. முதல் திருடன் இரண்டாவது திருடனுக்கு மிச்சம் வைக்கவில்லை.

சங்கம் அவசரமாகக் கூடியது. மேற்படிச் செயலிக்கும் சங்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். பூங்கொத்துப் படத்தைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். செக்கர் நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்று சிலர், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சிலர். வீடியோவில் எதையும் தொடாதே என்று பாடம் நடத்திய பிள்ளைகள் எல்லாம் இப்போது, நாங்கள் அப்பவே சொன்னோமே என்று சொன்னார்கள். விமானம் ஏறி ஒருத்தரும் வரவில்லை. செக்கரின் மகள் மட்டும் வந்து, அப்பா உங்களுக்கா இப்படி என்று அழுதாள். அவர் அந்த ‘உங்களுக்கா’வை வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார் என்று சிஸ்டர் சொன்னார்.

செக்கர் சில வாரங்கள் வெளியே வரவில்லை. காலை எச்சரிக்கை நின்றது. லிஃப்டில் யார் வேண்டுமானாலும் ஏறினார்கள். அதில் ஒரு சங்கடமும் இருந்தது. அவர் பேசாமல் இருந்தது எங்கள் யாருக்கும் பழக்கமில்லை.

கூட்டத்தை மறுபடி ஆரம்பித்தவர் தையல் டீச்சர். யாரையும் கேட்கவில்லை. ஒரு மாலை பொது அறையைத் திறந்து, விளக்கைப் போட்டு, வந்தவர்களிடம் தன் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். ஊசியில் நூல் கோப்பதைச் சொல்லிக் கொடுப்பதுபோல, எந்த இடத்தில் பயந்தார், எந்த இடத்தில் சந்தேகம் வந்தது, அதை எப்படிச் சமாளித்து அவர்களுக்குப் பணம் அனுப்பினார் என்று ஒவ்வொன்றாக. யாரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்ததும் நாலாவது மாடிக் கிழவர் எழுந்து, அன்று தன் பேட்டரி தீரவில்லை, பணம் தீர்ந்துதான் போன் நின்றது என்றார். செயலாளர் மனைவி, மருமகனுக்குத் தெரியாமல் இழந்த ஒரு தொகையைப் பற்றிச் சொன்னார். செயலாளருக்கும் அது அன்றுதான் தெரியும். அந்த அறையில் செக்கர் கூட்டம் நடத்திய காலமெல்லாம், அவர் சொன்ன முட்டாள்கள் செய்தித்தாளில் இல்லை, நாற்காலிகளில் இருந்திருக்கிறார்கள்.

மூன்றாவது கூட்டத்துக்குச் செக்கர் வந்தார். சிஸ்டர் அனுப்பினார் என்பதே சரி. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். டீச்சர், நீங்களும் சொல்லுங்கள் என்றார். எழுந்து நின்று, அந்தக் கும்பல் சாதாரணக் கும்பல் இல்லை, சர்வதேசத் தொடர்பு உள்ளது, என்னைப் போன்ற ஓர் ஆளையே சாய்க்க வேண்டுமென்றால் எவ்வளவு திட்டமிட்டிருக்க வேண்டும் பாருங்கள் என்று ஆரம்பித்தார். பின்னால் சிஸ்டர் இருமினார். செக்கர் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார்.

“என்னைப் புகழ்ந்தாங்க. புடிச்சிருந்துச்சு.”

உட்கார்ந்துவிட்டார். அவர் கூட்டங்களில் பேசியதிலேயே மிகக் குறைவாகப் பேசியது அன்றுதான், உபயோகமாகப் பேசியதும் அன்றுதான். அவரை மன்னித்தோம் என்று சொன்னால் பொய். செயலாளர் இன்னும் அவரோடு லிஃப்டில் ஏறுவதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு படியேறுகிறார்.

போன வாரம் பல் டாக்டர் செக்கர் வீட்டு மணியை அடித்தாராம். கையில் போன். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கொண்டிருந்திருக்கிறார். ஒரு பெண் தினமும் தன்னோடு பேசுகிறாள், வெளிநாட்டில் இருக்கிறாளாம், விதவையாம், படம் அனுப்பியிருக்கிறாள், நல்ல பல்வரிசை என்று சொல்லியிருக்கிறார். இப்போது விமான டிக்கெட்டுக்குக் கொஞ்சம் பணம் கேட்கிறாள். இது நிஜமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டவர், அதை ஏன் டீச்சரிடம் கேட்காமல் இங்கே வந்தேன் என்றால், உங்களுக்குத்தான் இனிமேல் என்னைப் பார்த்துச் சிரிக்க முகம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

பழைய செக்கராக இருந்தால் அந்தப் பல்வரிசை ஒன்றை வைத்தே வருஷம் முழுக்க ஓட்டியிருப்பார். அவர் வாய் ஒரு தடவை திறந்து மூடியதைச் சிஸ்டர் பார்த்தாராம். பிறகு கதவை அகலத் திறந்து, “உள்ள வாங்க டாக்டர். உக்காருங்க. டீ போடச் சொல்றேன்” என்றார்.

“நீங்களே போடுங்க” என்றார் சிஸ்டர் உள்ளேயிருந்து. “நான் அந்தப் படத்தைப் பாக்கணும்.”